காத்து என்று சொல்லாதே

மார்ச் 4

உம்மணாமூஞ்சிக்கு,

எழுத்தைப் பார்த்துவிட்டு ஏதோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதிய கடிதம் என்று தூக்கிப் போட்டுவிடாதே. உன் அக்காதான். இடது கையால் எழுதுகிறேன். ஒரு வரிக்கு மூன்று நிமிடம் ஆகிறது. அதனால் திட்டுவதையெல்லாம் சுருக்கமாகத் திட்டிவிடுகிறேன்.

உனக்கு அறிவு இருக்கிறதா? நான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு மாமா ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாய். அம்மா வீட்டுக்கு வந்து பார்த்தால் மேஜை மேல் ஒரு துண்டுக் காகிதம், 'மாமாகிட்ட போறேன்' என்று. பதினேழு வயதுப் பிள்ளை எழுதுகிற கடிதமா அது? பத்து நாளாக மாமாவின் சலவைக் கடைக்குப் போன் போடுகிறேன். "இப்பத்தாம்மா இங்க நின்னான், எங்க போனான்னு தெரியலையே" என்கிறார். பின்னால் சலவை மெஷின் ஓடுகிறது. அந்த மெஷினுக்குப் பின்னால்தான் நீ நிற்கிறாய் என்று எனக்குத் தெரியாதா?

கை விஷயம் இதுதான். நடுவிரல், மோதிர விரல் இரண்டிலும் எலும்பு உடைந்திருக்கிறது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். "எப்படிம்மா ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார். "காத்துல கதவு சாத்திக்கிச்சு" என்றேன். அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். நாம் போட்ட சண்டையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. உன்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை.

பல் லேபில் முதலாளி இரண்டு மாதம் என் இடத்தை அப்படியே வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். "பல்லழகி இல்லாம கடைவாய்ப் பல்லெல்லாம் அழுவுதும்மா" என்றாராம். மெழுகில் பல் செதுக்குகிறவளுக்கு விரல் போனால் என்ன மிச்சம் என்று நான் இன்னும் யோசிக்க ஆரம்பிக்கவில்லை. நீயும் யோசிக்காதே.

தெரியாமல் நடந்தது. மார்ச் பரீட்சை போனாலும் ஜூனில் உனக்கு மறுபரீட்சை இருக்கிறது. வந்து சேர்.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மெஷினுக்குப் பின்னால் நின்றுதான் படித்தேன். போனில் உன்னிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதுகிறேனே, அது போதாதா?

இங்கே எனக்குக் கொடுத்திருக்கும் வேலை, துணி மெஷினுக்குள் போவதற்கு முன் பாக்கெட்டுகளைத் துழாவிப் பார்ப்பது. பஸ் டிக்கெட், சாவி, காய்ந்துபோன பேனா எல்லாம் வரும். நேற்று ஒரு கால்சட்டைப் பாக்கெட்டில் ஒரு முழுப் பல் செட் இருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தது. நீ செய்ததாக இருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாயங்காலம் ஒரு பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து வாங்கிப் போனார்.

மாமாவுக்குக் கதவு விஷயம் எதுவும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஏதோ கோபம், அதனால் வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "கோவம் வந்தா பத்து வரைக்கும் எண்ணு மாப்ள" என்கிறார். எண்ணிப் பார்த்தேன். பத்தை முடித்துவிட்டுத் திரும்பினால் கோபம் பதினொன்றாவதாக வந்து நிற்கிறது. அவரிடம் சொன்னேன். "அப்ப இருபது எண்ணு" என்றார். மாமாவிடம் இருக்கிற வைத்தியம் அவ்வளவுதான்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். இனிமேல் யாரிடமும் காத்து என்று சொல்லாதே.

அப்பா இருந்தபோது கீழ் வீட்டு அம்மா படியில் நின்று, "மேல என்னங்க சத்தம்?" என்று கேட்பார். "காத்துங்க, கதவு அடிச்சுக்கிச்சு" என்று அம்மா சொல்வாள். ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். வெளியே ஓர் இலை அசையாது. தட்டு உடைந்தால் காத்து. அம்மா கன்னத்தில் வீங்கியிருந்தால் அதுவும் காத்துதான். எட்டு வயதுவரை நம் வீட்டுக்கு மட்டும் ஒரு தனிக் காற்று அடிக்கிறது என்றே நான் நம்பினேன். அப்பா செத்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நம் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. இப்போது நீ அதை எடுத்து எனக்காகச் சொல்லிவிட்டாய்.

வேறு என்ன வேண்டுமானாலும் சொல். அது மட்டும் வேண்டாம்.

உன் தம்பி

மார்ச் 14

டேய்,

காத்து என்று நான் திட்டம் போட்டா சொன்னேன்? டாக்டர் கேட்டார், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம் எனக்கே திக்கென்றது. அம்மாவின் வார்த்தை என் வாயில் எப்போது வந்து உட்கார்ந்தது என்று எனக்கும் புரியவில்லை. ஆனால் வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? என் தம்பி பத்தொன்பது நாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டான், ஆசிரியை லேபுக்கே போன் போட்டு என் மானத்தை வாங்கினார், நான் வீட்டுக்கு வந்து அவனைப் பிடி பிடியென்று பிடித்தேன், அவன் கதவைச் சாத்திக்கொண்டான், விரல் நடுவில் மாட்டிக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் கதாகாலட்சேபம் பண்ணவா?

திங்கட்கிழமையிலிருந்து லேபுக்குப் போகிறேன். இடது கையால் பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டர் கலக்குகிறேன். ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கிப் பார்த்தேன். உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. முதலாளி அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத மாட்டிக்கிட்டவரு சோறு திங்க முடியாது, ஆனா நல்லா பயமுறுத்தலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கையைப் பார்த்தபோது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

நீ எதற்கு உன்னைப் போட்டு இப்படி வதைத்துக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியும். நீ அப்பா ஆகிவிட்டதாக நினைக்கிறாய். பைத்தியக்காரா, அப்பா பார்த்துப் பார்த்து அடிப்பார். எங்கே அடித்தால் வெளியே தெரியாது என்று பார்த்து அடிப்பார். நீ என் கையைப் பார்க்கவே இல்லை. நீ அறைக்குள் போனாய், நான் பின்னாலேயே வந்தேன், கதவு மூடியது. அவருக்கும் உனக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அது போதும்.

அம்மா தினமும் உன் தட்டையும் சேர்த்து எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் திரும்ப அடுக்குகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா.

அக்கா

மார்ச் 19

அக்கா,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஆறாவது.

பார்த்தேன்.

நீ "அப்படியே அப்பா மாதிரியே கத்துறடா" என்றாய். நான் அறைக்குள் போய்க் கதவைப் பிடித்தேன். நீ வந்து, "நில்லு, பேசிட்டுப் போ" என்று நிலையில் கையை வைத்தாய். நான்கு விரல்கள் இந்தப் பக்கம் தெரிந்தன. நகத்துக்குள் வெள்ளையாகப் பிளாஸ்டர் தூள் இருந்தது. ஆள்காட்டி விரலில் மெழுகு ஒட்டியிருந்தது. அதையெல்லாம் பார்க்க நேரம் இருந்தது என்றால் நிறுத்தவும் நேரம் இருந்தது. நான் நிறுத்தவில்லை. என் முழு பலத்தையும் கொடுத்துச் சாத்தினேன்.

சத்தம் கதவுச் சத்தம் மாதிரி இல்லை. நீ உடனே கத்தவும் இல்லை. "அய்யோ, கை" என்று மெதுவாகச் சொன்னாய், யாருடைய கையோ என்பது மாதிரி. நான் கதவைத் திறந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்னைத் திட்டவில்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று என்னிடம் சொன்னாய். அம்மா அப்பாவிடம் அப்படித்தான் சொல்வாள்.

அந்தப் பத்தொன்பது நாளும் நான் எங்கே போனேன் என்று கேட்டாயே. பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் யாராவது பெஞ்சை இழுத்தால்கூட எனக்குக் கை துறுதுறுவென்று வந்தது. யாரையாவது அடித்துவிடுவேனோ என்று பயந்துதான் போகாமல் இருந்தேன். யாரையும் அடிக்காமல் அந்த அடியைப் பத்திரமாக வைத்திருந்து கடைசியில் உனக்குக் கொடுத்துவிட்டேன்.

தெரியாமல் நடந்தது என்று நீ எழுதுகிறாய். தெரிந்துதான் நடந்தது. உனக்கும் எனக்கும் நடுவில் இதைத் தெரிந்தவன் நான் ஒருவன் மட்டும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் உன் தலையில் இறக்கி வைக்கிறேன். அதுவும் தப்புதான்.

மார்ச் 24

உன் கடிதம் கிடைத்தது. நானாக எழுதும்வரை எழுதாதே.

ஏப்ரல் 17

தம்பி,

வழக்கமான பெயரால் கூப்பிட வரவில்லை. எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

உன் கடிதத்தை லேபில் தேநீர் வேளையில் பிரித்தேன். 'பார்த்தேன்' என்பது ஒரு வரியில் தனியாக இருந்தது. எதைப் பார்த்தாய் என்று முதலில் விளங்கவே இல்லை. பாக்கெட்டில் இன்னொரு பல் செட் பார்த்தாயோ என்று நினைத்தேன், சத்தியமாக. அப்புறம் கீழே படித்தேன். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்று முதலாளி கேட்டார். நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இதுவரை தெரியவில்லை. குளியலறைக்குப் போய்க் குடித்த தேநீரை வாந்தி எடுத்தேன். வீட்டில் அம்மா, "தம்பி என்ன எழுதியிருக்கான்?" என்றாள். நன்றாக இருக்கிறானாம் என்று சொன்னேன்.

முதல் வாரம் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கோபம்கூட இல்லை. மரத்துப்போன விரலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. உன்னை எனக்குக் கைக்குழந்தையிலிருந்து தெரியும். உன் கை எப்படி இருக்கும் என்று தெரியும். அந்தக் கை என் விரலைப் பார்த்துவிட்டுத் தள்ளியது என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று புரியவில்லை.

இரண்டாவது வாரம் கோபம் வந்தது. இடது கையால் பிளாஸ்டர் அச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வழுக்கியது. அதை எடுத்துச் சுவரில் அடித்தேன். யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை. மூன்று துண்டாகப் போனது. லேபே வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தது. என்னைவிட அதிகமாக யாரும் அதிர்ந்திருக்க மாட்டார்கள். பல் டாக்டருக்குப் போன் போட்டு, "கை தவறி விழுந்துடுச்சு டாக்டர்" என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இதுவும் காத்துதானே? மறுபடி போட்டேன். "கை தவறல. கோவத்துல நான்தான் எறிஞ்சேன்" என்றேன். அவர், "சரிம்மா, மறுபடி அளவு எடுத்துடலாம்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனால் அன்றுதான் சாப்பாடு இறங்கியது.

நான் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா மாதிரி என்று வாய் தவறிச் சொல்லவில்லை. எதைச் சொன்னால் உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். அது என் தப்பு. ஆனால் நான் சொன்னதும் நீ செய்ததும் ஒன்றல்ல. ஒன்று என்று நான் ஒருநாளும் சொல்லப்போவதில்லை. நீயும் அப்படி நினைத்து ஆறுதல் தேடாதே.

கம்பியை எடுத்துவிட்டார்கள். நடுவிரல் மடங்குகிறது. மோதிர விரலின் மேல் கணு மடங்காது. பயிற்சி செய்தாலும் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன்னை அழவைக்கச் சொல்லவில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டியது, அதனால் சொல்கிறேன்.

அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன். நீ சொல். கடிதத்தில் வேண்டாம், போனில், உன் வாயால். அதைச் சொன்ன பிறகு எனக்கு எழுது.

ஏப்ரல் 23

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

கடையில் இருந்துதான் போன் போட்டேன். மாமா பக்கத்தில் நின்று சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் வெளியே போகட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். அவர் போகிற ஆள் இல்லை. அதனால் அவர் இருக்கும்போதே சொன்னேன். "அம்மா, காத்து இல்ல. அக்கா கையைப் பாத்துட்டுத்தான் கதவைச் சாத்தினேன்."

அம்மா பக்கம் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அழுவாள், திட்டுவாள், நீ என் பிள்ளையே இல்லை என்பாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். எதற்கும் தயாராகத்தான் இருந்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இத யார்கிட்டயும் சொல்லிடாதடா கண்ணா. காத்துன்னு சொன்னது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

மெஷின் மேல் சாய்ந்துகொண்டேன் அக்கா. திட்டியிருந்தால் நின்றிருப்பேன். என்னைக் காப்பாற்றுகிறாள். அப்பாவைக் காப்பாற்றிய அதே குரலில் காப்பாற்றுகிறாள். "இல்லம்மா, நான்தான். எல்லார்கிட்டயும் சொல்லுவேன்" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

மாமா தேய்ப்புப் பெட்டியை நிறுத்திவிட்டு வெளியே போய்த் தெருவில் நின்றார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உங்க வீட்டுக்கு வர்றப்பெல்லாம் உங்கம்மா காத்துன்னுதான் சொல்லும். நானும் 'ஆமாக்கா, ஜன்னலைச் சாத்தி வையி'ன்னு சொல்லிட்டு வந்துருக்கேன். எனக்கென்ன கண்ணு இல்லையா?" அதற்குப் பிறகு அவர் என்னை எண்ணச் சொல்லவே இல்லை.

மறுநாள் ஒருவர் சட்டையில் பொத்தான் போய்விட்டது என்று கத்திக்கொண்டு வந்தார். பொத்தான் ஏற்கெனவே இல்லை. நான்தான் சீட்டில் எழுதியிருந்தேன். என்னைத் திருடன் என்றார். எனக்குத் தோளிலிருந்து கைக்கு அது இறங்குவது தெரிந்தது. கையில் சூடான பெட்டி இருந்தது. அதைத் தாங்கியில் வைத்தேன். இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு அவரிடம், "எனக்கு இப்ப ரொம்பக் கோவமா இருக்கு" என்றேன். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. அவர் திகைத்துப்போய், "சட்டை என்னுது, கோவம் உனக்கா?" என்றார். மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் போய் அழுதேன். கோபம் போகவில்லை. ஆனால் அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு நடந்துதான் போனார்.

இது ஒருநாள்தான். இனி எப்போதும் இப்படித்தான் இருப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா எத்தனை வாக்குக் கொடுத்திருக்கிறார்.

மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. வரலாமா என்று மட்டும் கேட்கிறேன். வேண்டாம் என்றால் பரீட்சையை இங்கிருந்தே வந்து எழுதிவிட்டுப் போய்விடுவேன்.

தம்பி

ஏப்ரல் 30

உம்மணாமூஞ்சி,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் கை இந்தப் பெயரைத்தான் எழுதியது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா பேசுவதில்லை. உன்னோடு அல்ல, என்னோடு. நான்தான் உன்னைச் சொல்ல வைத்தேன் என்று கண்டுபிடித்துவிட்டாள். "இருக்கறது ஒரு தம்பி, அவனையும் சந்தியில நிறுத்திட்ட" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவளுக்கு இது எப்போது சரியாகும் என்று தெரியாது. சரியாகாமலேயும் போகலாம். நீ வந்தால் அவள் காத்து என்றுதான் சொல்வாள். நீ இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும், அநேகமாக ஒவ்வொரு முறையும்.

லேபில் என் வேலை போகவில்லை, ஆனால் பழைய வேலையும் இல்லை. மெழுகுக் கத்தியை மூன்று விரலால் பிடிக்கக் கற்றுக்கொள்கிறேன். முன்பல் செதுக்குவதை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். நாளைக்கும் திட்டுவேன். இன்னும் எத்தனை நாள் என்று கேட்காதே.

வா. ஆனால் அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும்.

போன வாரம் படியில் மேல் வீட்டுக்காரர் அவசரமாக இறங்கி வந்தார். பாவம், பஸ்ஸுக்கு ஓடுகிறார். என் வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. நான் போகச் சொல்லவில்லை. அவர் போன பிறகும் அங்கேயே இருந்தது. இப்போதெல்லாம் யார் வேகமாக வந்தாலும் அப்படித்தான் செய்கிறது. முன்பின் தெரியாதவர்களுக்கே அப்படி என்றால் உன்னைப் பார்த்ததும் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

நீ வாசலில் வந்து நிற்பாய். நான் சிரிப்பேன். உண்மையாகவே சந்தோஷமாக இருப்பேன். ஆனால் கை பின்னால் போய்விடும். நீ அதைப் பார்ப்பாய். என் தம்பியைக் கண்டு எனக்குப் பயம் என்பது நம் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். அந்த நிமிடம் வராமல் இருந்தால் தேவலை. ஆனால் அது இல்லாமல் நீ வீட்டுக்குள் வர வழி இல்லை.

அதைப் பார்த்ததும் காலில் விழாதே. அழுது என்னை உனக்கு ஆறுதல் சொல்ல வைக்காதே. கோபப்படாதே. பையைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் ஓடாதே. சும்மா நில். கை எப்போது முன்னால் வரும் என்று என்னால் சொல்ல முடியாது. அன்றைக்கே வரலாம், வருஷம் ஆகலாம். அதுவரை நிற்க முடியும் என்றால் சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பி வா.

அக்கா